வகுப்பறைக்குள் வயல்: நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலிருந்து ஒரு பழைய கேள்வி

பள்ளிக்கூடத்துப் பிள்ளை எதற்காகப் பயிர் வளர்க்க வேண்டும்? 1869-இல் ஆஸ்திரியா தன் பள்ளிச் சட்டத்திலேயே தோட்டத்துக்கும் வேளாண் சோதனை நிலத்துக்கும் இடம் ஒதுக்கச் சொன்னது. அன்றிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில்களுக்குப் பஞ்சமில்லை. உழைப்பின் அருமை தெரியும் என்றார்கள். அறிவியல் புரியும் என்றார்கள். பிழைக்க ஒரு தொழில் கிடைக்கும், தட்டில் நல்ல கீரை விழும் என்றும் சொன்னார்கள். இப்போது புதிதாக வந்திருப்பது கருவி மட்டும்தான். தோட்டம் சுவருக்குள் வந்துவிட்டது. பிவிசி குழாயில் சத்துநீர் ஓடுகிறது, மேலே எல்இடி விளக்கு எரிகிறது, சென்சார் ஒன்று வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் திரையில் காட்டுகிறது. மண் கிடையாது.

இந்தக் கருவி பள்ளிக்கு வேண்டுமா என்பதைப் பொதுப்படையாகப் பேசினால் பேச்சு சீக்கிரம் விளம்பரமாகிவிடுகிறது. ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. கேரள-தமிழக எல்லையில் களியக்காவிளையை ஒட்டிக் கிடக்கும் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், குன்னத்துக்கால், வெள்ளறடை போன்ற எல்லையோர ஊர்களில் வாசலில் இறங்கினால் ஏத்தவாழையும் மரச்சீனியும் தென்னையும் நிற்கும். கிழக்கே போகப் போக ரப்பர். இங்கே செடியை உள்ளே கொண்டுவந்து விளக்குப் போட்டு வளர்க்க என்ன அவசியம் என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதோடு, பள்ளியும் வயலும் நேருக்கு நேர் மோதிய வரலாறும் இவை அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்கு உண்டு.

ஒரே தாலுகாவில் இரண்டு மரபுகள்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெங்ஙானூர் அய்யன்காளியின் தலைமையில் புலையர் உழவுத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். வேறு கோரிக்கைகளும் இருந்தன. முன்னால் நின்றது, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் உருவானது. திருவிதாங்கூர் அரசு அனுமதி உத்தரவு போட்ட பிறகும் ஊர் விடவில்லை. 1910-ஐ ஒட்டி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு போனபோது கலவரம் மூண்டு, பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். 2022-இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது. இந்த மரபில் பள்ளி என்றால் வயலிலிருந்து வெளியே வருகிற வழி. நான்கு தலைமுறை கழித்து வந்த பிள்ளையைப் பள்ளிக்குள் நாற்று நடச் சொன்னால், எதற்கு என்று கேட்க அதற்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது மரபும் நெய்யாற்றின்கரையோடு ஒட்டியதுதான். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலும், தொடர்ந்து ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கையிலும் உருவான ஆதாரக் கல்வி, கைத்தொழிலை ஒரு தனிப் பாடமாக ஒதுக்காமல் எல்லாப் பாடத்துக்கும் வாயிலாக்கச் சொன்னது. சாந்திநிகேதனில் படித்த ஜி. ராமச்சந்திரன் அந்தச் சிந்தனையின் முக்கிய முகங்களில் ஒருவர். மனைவி சௌந்தரத்தோடு 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர், பிற்காலத்தில் நெய்யாற்றின்கரை மாதவி மந்திரத்துக்குத் திரும்பினார். பக்கத்தில் வெள்ளநாட்டில் கே. விஸ்வநாதன் 1956-இல் தொடங்கிய மித்ரநிகேதனும் மண்ணோடு சேர்ந்த கல்வியைத்தான் பேசியது.

ஆதாரக் கல்வியின் பலவீனம் வார்தாவிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. பிள்ளைகள் செய்கிற பொருளை விற்றுப் பள்ளியை நடத்தலாம் என்ற யோசனையைப் பொருளாதார அறிஞர் கே. டி. ஷா அங்கேயே எதிர்த்தார்: பிள்ளை உழைப்பாளி ஆகிவிடும், ஊர்க் கைவினைஞருக்குப் பள்ளி போட்டியாகிவிடும் என்பது அவர் கவலை. தமிழ் வாசகருக்கு இதன் இன்னொரு கிளை நன்றாகத் தெரியும். 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் 'குலக்கல்வி' என்ற பெயரோடு எதிர்க்கப்பட்டு, 1954-இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. இந்த எல்லையோர ஊர்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. எல்லைக்கு மறுபக்கம், இன்று தமிழகத்திலுள்ள விளவங்கோடும் 1956 நவம்பர் 1 வரை அங்கேதான். ஆகவே அந்தத் திட்டம் இங்கே வந்ததில்லை. ஆனாலும் அந்தச் சந்தேகம் எல்லை பார்த்து நிற்கவில்லை. வேளாண்மை பாடமானால் அது யாருடைய பிள்ளைக்கு என்று இன்றும் கேட்கப்படுகிறது.

பிறகு வந்த அறிக்கைகளைச் சுருக்கமாகக் கடக்கலாம். 1964–66 கோத்தாரி கமிஷன் 'வேலை அனுபவம்' என்றது; 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என்றது; 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8-ஆம் வகுப்புவரை பத்து 'பையில்லா நாட்கள்' என்றது. பெயர் மாறிய அளவுக்கு டைம்டேபிள் மாறவில்லை. கேரளத்தில் வேலை அனுபவம் ஆண்டுக்கொரு பிரவிருத்தி பரிசய மேளாவாக உயிரோடு இருக்கிறது. அதில் பொருள் செய்யும் கைத்திறன் தெரியும். வார்தா கேட்ட பாட இணைப்பு அவ்வளவாகத் தெரியாது.

தண்ணீரில் நின்ற செடி

மண்ணில்லா வேளாண்மை பிறந்ததே ஆய்வுக்கூடத்தில்தான். இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1860-களில் ஜெர்மன் தாவரவியலாளர்கள் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னாப்பும் கரைசலில் செடி வளர்த்தது கீரை விற்பதற்காக அல்ல. செடிக்கு எந்தெந்தத் தாது வேண்டும் என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதற்காக. கலிபோர்னியாவின் கெரிக் 1937-இல் அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டபோதுதான் அது தொழிலாகத் தலைகாட்டியது. இந்தியாவிலும் இது நேற்று வந்த சரக்கல்ல. ஷோல்டோ டக்ளஸ் 1946-இல் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் சோதனையைத் தொடங்கி, 1951-இல் 'பெங்கால் முறை' என்று நூலே எழுதினார். சரளையும் மணலும் நிரப்பிய தொட்டி, மேலே தூவிய உரம், கையால் ஊற்றிய தண்ணீர். மோட்டாரே இல்லை. கையில் காசில்லாதவரும் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்று பள்ளிகளுக்கு விலை சொல்லப்படும் கருவிகள் அந்த நோக்கத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன.

அடுக்குப் பண்ணை என்ற யோசனையும் வகுப்பறையில் முளைத்ததே. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிக்சன் டெஸ்போமியர் 1999-இல் தன் மாணவர்களோடு போட்ட கணக்கிலிருந்துதான் அது பெரும் முதலீட்டுத் தொழிலாக வளர்ந்தது. பள்ளிக்கு அது திரும்பி வந்த வழிகளில் ஒன்று நியூயார்க். அங்கே 'நியூயார்க் சன் ஒர்க்ஸ்' என்ற அமைப்பு 2010-இல் ஒரு பள்ளியின் மாடியில் பசுமைக்குடில் அமைத்து, பிறகு வகுப்பறை ஹைட்ரோபோனிக் கூடங்களாக அதைப் பரப்பியது. அந்த ஊரின் நியாயம் வேறு: தோட்டம் போட முற்றமில்லை, பள்ளி நடக்கும் மாதங்களில் பனி. பாறசாலைக்கு அந்த நியாயம் அப்படியே பொருந்தாது.

ஆய்வுக்கருவி என்ற வாதம்

எல்லா நிலைப்பாடுகளிலும் வலுவானது இதுவே என்று தோன்றுகிறது. மண் ஓர் இருட்டறை. அதற்குள் என்ன நடக்கிறதென்று பிள்ளைக்குத் தெரியாது. கரைசலில் எல்லாமே எண்ணாக நிற்கும். கீரை வகைக்குக் கார அமில அளவு 5.5 முதல் 6.5 வரை, மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.2 முதல் 1.8 மில்லிசீமன்ஸ். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எழுதி வைத்தால் ஒரு வாரத்தில் வரைபடம் போடலாம்.

ஒரு சின்ன நிகழ்ச்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சத்துக் கரைசல் எப்போதும் ஏ, பி என்று இரண்டு கேன்களில் வரும். ஏன் இரண்டு, ஒன்றாகக் கொடுத்தால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கட்டும். ஆசிரியர் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டிலிருந்தும் நீர் கலக்காமல் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றச் சொன்னால் போதும். தெளிவாக இருந்த இரண்டும் சேர்ந்த உடனே பால் மாதிரி வெளுக்கும். சற்று நேரத்தில் அடியில் வெள்ளைப் பொடி படியும். ஒரு கேனிலிருந்த கால்சியமும் மறு கேனிலிருந்த சல்பேட்டும் பாஸ்பேட்டும் கூடிக் கரையாத உப்பாகிவிட்டன. செடிக்கு அது இனி உணவாகாது, குழாயை அடைக்கத்தான் உதவும். வீழ்படிவு என்று வேதியியல் புத்தகம் சொல்வதை அந்த டம்ளர் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

அடுத்தது க்னாப் வழிச் சோதனை. ஒரு பாட்டிலில் நைட்ரஜன் இல்லாத கரைசல், இன்னொன்றில் இரும்பு இல்லாதது. முதல் செடியில் அடியிலிருக்கும் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இரண்டாவதில் நுனிக் கொழுந்து. செடி நைட்ரஜனைப் பழைய இலையிலிருந்து உருவிப் புதியதற்கு அனுப்பிவிடும், இரும்பை அப்படி நகர்த்த அதனால் முடியாது. இதைப் பார்த்த பிள்ளை வீட்டுக் கொல்லையில் மஞ்சளடித்த வாழையைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். உள்ளரங்குக் கூடத்தால் வெளி வயலுக்கு ஏதாவது கிடைக்குமென்றால் இந்த வழியில்தான் கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாக்ஸின் நீர்வளர்ப்பைச் சொல்லித் தொடங்கும் 'தாது ஊட்டம்' என்ற பாடம் என்சிஇஆர்டியின் 11-ஆம் வகுப்பு உயிரியல் நூலில் நெடுங்காலம் இருந்தது. பாடச்சுமைக் குறைப்பில் அது நீக்கப்பட்டது. கருவி பள்ளிக்குள் வருகிற காலத்தில் அதை விளக்கும் பாடம் வெளியே போயிருக்கிறது.

மின்னணுப் பக்கம் கேரளத்துக்குக் கைவந்ததே. கேரள அரசின் கைட் நிறுவனத்தின் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் 2018 முதல் அரசு, உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன; 2022 இறுதியிலிருந்து ரோபோட்டிக் கிட்டுகளும் வந்தன. ஈரம் குறைந்தால் தானே தண்ணீர் திறக்கும் அமைப்பு அங்கே பழகிய செயல்திட்டம். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்கு 20 லட்சம் ரூபாய்வரை மானியமுண்டு. ஆனால் சென்சாரை எழுதத் தெரிந்த பிள்ளைக்குச் செடி ஏன் வாடியது என்று சொல்லத் தெரிகிறதா என்பது தனிக் கேள்வி. இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள் என்று பிரிந்து கிடந்தால் செடி வெறும் செய்முறைப் பொருளாகிவிடும்.

ஆய்வுகள் எவ்வளவு தாங்கும்?

பள்ளித் தோட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தவர்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படுபவர்கள் வில்லியம்ஸ், டிக்சன் இருவரும். 1990 முதல் 2010 வரையிலான 48 ஆய்வுகளை 2013-இல் பரிசீலித்து, படிப்பில், குறிப்பாக அறிவியலில், பெரும்பாலும் நல்ல விளைவே தெரிகிறது என்றார்கள். கூடவே, ஆய்வு முறைகள் பலவீனமாக இருப்பதையும் அவர்களே சொன்னார்கள். சிறிய மாதிரிகள், ஒப்பீட்டுக் குழு இல்லாமை, தோட்டத்தின் மேல் காதல் கொண்ட ஆசிரியரே ஆய்வாளராகவும் இருப்பது போன்ற குறைகள் இந்தத் துறை முழுவதும் உண்டு. நல்ல ஆசிரியர் கிடைத்த பள்ளியில் தோட்டம் செழிக்கிறதா, தோட்டத்தால் படிப்பு செழிக்கிறதா என்று பிரித்தறிவது கடினம்.

எதிர்ப்பக்கத்தில் கூர்மையானது, 2010-இல் அமெரிக்க எழுத்தாளர் கெய்ட்லின் ஃப்ளானகன் எழுதிய கட்டுரை. அலிஸ் வாட்டர்ஸ் 1995-இல் பெர்க்லியில் தொடங்கிய பள்ளித் தோட்டத்தை முன்வைத்து, வயல்கூலிகளின் பிள்ளைகளை வாசிப்பு நேரத்தில் மறுபடி மண்ணில் இறக்குகிறோம் என்று அவர் சாடினார். மிகைப்படுத்தினார் என்று பதில்கள் வந்தன. ஊரூட்டம்பலத்தை அறிந்தவர்களால் அவரை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தொழில் என்ற வாதம்

கேரளத்தில் தொழிற்கல்வி மேல்நிலைப் பிரிவு 1983–84-இல் தொடங்கியது. தமிழ்நாடு 1978-இல் பிளஸ் டூவோடு சேர்த்தே தொழிற்பிரிவுகளைக் கொண்டுவந்திருந்தது. இன்று கேரளத்தின் தொழிற்பிரிவுகளில் நுண்ணீர்ப் பாசனம், இயற்கை விளைச்சல், மலர் சாகுபடி என்று வேளாண் வேலைப் பெயர்கள் உண்டு. உள்ளரங்குப் பண்ணை அந்த வரிசையில் இயல்பாகச் சேரும் என்பது ஒரு சாராரின் வாதம்.

தொழிலின் நிலவரம் அவ்வளவு தெம்பூட்டுவதாக இல்லை. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் பாதுகாப்பு கோரியது, பௌரி 2024-இல் மூடியது, பிளென்டி 2025-இல் திவால் மனு போட்டது. பள்ளிகள் பலவற்றுக்குக் கன்டெய்னர் பண்ணை விற்ற ஃப்ரைட் ஃபார்ம்ஸும் 2025 ஏப்ரலில் வீழ்ந்தது. அதன் பெட்டிகள் நிறுவனத்தின் மென்பொருளை நம்பி இயங்கியவை. வாங்கியவர்கள் கதி என்ன என்ற கவலை உடனே எழுந்தது. விற்றவர் போனாலும் ஓடுகிற கருவியா என்று கேட்காமல் எந்தப் பள்ளியும் வாங்கக் கூடாது. உள்ளூரிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2010-களின் தொடக்கத்தில் மானியத்தோடு பரவிய பாலிஹவுஸ்கள் கேரளத்தின் புழுக்கத்தில் திணறின, கைவிடப்பட்டவை பல. பக்கச் சுவரில்லாத எளிய மழைமறைப்பு நின்று பிடித்தது.

மறுபக்கம், எல்லையோரக் குடும்பங்களுக்கு வளைகுடா அந்நியமல்ல. துபாயில் 2022-இல் திறந்த புஸ்தானிகா உலகின் மிகப் பெரிய அடுக்குப் பண்ணைகளில் ஒன்று. ஆகவே வேலை எங்கேயும் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கருவியை வாங்கிக்கொடுக்க அது போதிய காரணமாகத் தெரியவில்லை.

கீரையும் தட்டும்

அமரவிளை வழியாகத் தமிழகக் காய்கறி லாரிகள் போகிற வழி இது. பூச்சிமருந்து எச்சம் பற்றிய சர்ச்சை 2015-இல் உச்சத்தில் இருந்தது. வீட்டுக்கு வீடு குரோ பேக் ஏறியது. கிருஷிபவன் என்ற ஊர் வேளாண் அலுவலகங்கள் ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி என்று விதை கொடுக்கின்றன. இந்த உணர்வின் மேல்தான், பள்ளியே தன் கீரையை விளைவிக்கட்டும் என்ற வாதம் நிற்கிறது.

கணக்குப் போட்டால் அது தடுமாறுகிறது. நூறு துளை கொண்ட ஒரு குழாய்ச் சட்டத்தில் செடிக்கு 100 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் மாதத்துக்கு 10 கிலோ. 300 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளியில் தலைக்கு 50 கிராம் போட்டால் ஒரே மதியத்துக்கு 15 கிலோ வேண்டும். உணவு வழங்கும் வேலை வெளியிலுள்ள தோட்டத்துக்கே பொருந்தும். லெட்டூஸ் வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊர்ச் சமையலில் அதற்கு இடமில்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சிவப்புக் கீரை 'அருண்' பயனுள்ள பாடமாகும். ஜூனில் பள்ளி திறக்கும்போதே மழையும் இறங்குகிறது. அந்த ஈரத்தில் வெளியே சிவப்புக் கீரைக்கு இலைக் கருகல் வரும். கோயம்புத்தூரின் பச்சைக் கீரை கோ-1 அதைத் தாங்கும். கூரைக்குள் ஒரு வரிசை, வெளியே இரண்டு வகையும் கலந்து ஒரு வரிசை விதைத்தால், நோய் எப்படிப் பரவுகிறது என்பதை ஒரே பருவத்தில் பார்த்துவிடலாம்.

புழுக்கமும் மின்சாரமும் ஏப்ரலும்

20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். இந்தக் கடலோரத் தாலுகாவில் ஓட்டுக் கட்டடத்துக்குள் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். வேர் மூச்சுத் திணறும், பித்தியம் என்ற நுண்ணுயிரியால் அழுகல் பிடிக்கும். நீரைக் குளிரூட்டினால் செலவு ஏறும். 100 வாட் விளக்கு நாளைக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 42 யூனிட். ஒரு சட்டத்துக்கு இது பெரிதல்ல, நான்கைந்து சட்டமும் ஒரு குளிரூட்டியும் சேர்ந்தால் பெரிது. துலா மழைக்கால மாலைகளில் இடி இறங்கி மின்னணுச் சாமான்கள் போவதும் இங்கே பழகிய கதை.

மண் மன்னிக்கும், குழாய் மன்னிக்காது. மெல்லிய நீரோட்ட முறையில் மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் செடி தொங்கிவிடும். குரோ பேக் இரண்டு நாள் பொறுக்கும். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை யாருமில்லாத கட்டடத்தில் இந்த வேறுபாடு பெரியது.

காளான் இந்தத் தொல்லைகளில் பலவற்றைத் தாண்டும். வெள்ளாயணி வேளாண் கல்லூரி பக்கத்தில்தான். சிப்பிக் காளானும் பால் காளானும் இந்த வெப்பத்துக்கு ஒத்தவை. வைக்கோல் அல்லது ரப்பர் மரத்தூள், நிழலான ஓர் அறை, தெளிக்கத் தண்ணீர் போதும். பளபளப்பில்லாததாலோ என்னவோ, உயர் தொழில்நுட்பம் என்ற பேச்சில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

இன்னும் திறந்திருப்பவை

ஆய்வுக்கருவி என்ற வாதம் நிற்கிறது. உணவு என்ற வாதம் சிறிய அளவில் நிற்பதில்லை. தொழில் என்ற வாதம் சந்தையோடு ஆடுகிறது. தீராதது பழைய சமூகக் கேள்விதான். சேறில்லாத, எண்களால் நடக்கும் உழவு, உழவின் மேல் படிந்த சாதி இழிவைக் கழுவும் என்று ஒரு தரப்பு நம்புகிறது. வெள்ளைக் குழாயில் வளரும் கீரை அந்தச் சேற்றை மறைக்கத்தான் உதவும், வயலில் நிற்பவர் மீதான மதிப்பு இதனால் உயராது என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டையும் சோதிக்க வழியுண்டு. கூடத்துக்குள் கற்பிப்பவர் யார்? கேட்டலாக்கோடு வரும் கம்பெனிக்காரரா, மரச்சீனி நட்டுப் பழகிய அதே ஊர் அம்மாவுக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டா?

நீரின் கணக்கும் மீதமிருக்கிறது. சுழற்சி முறையில் தண்ணீர் வெகுவாக மிச்சமாகும் என்கிறார்கள். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004-இல் விளவங்கோட்டுக்கான தண்ணீர் நின்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போன எல்லை இது. இரு பக்கத்துப் பள்ளிகளும் ஒரே விதையை வைத்து ஒரு கிலோ கீரைக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து ஒப்பிட்டால் அது நல்ல புவியியலும் ஆகும். அப்போது குறிப்பேட்டை எந்த மொழியில் எழுதுவது? தமிழ்வழிப் பிள்ளைகளும் மலையாளவழிப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் படிக்கிற ஊர்களில் கருவியின் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. மார்ச் தேர்வு முடிந்து பூட்டிய பள்ளியில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் அந்த மோட்டாரை யார் போடுவார்கள், மின்கட்டணம் பிடிஏ கணக்கிலா பஞ்சாயத்துக் கணக்கிலா என்பதும் சாவி யாரிடம் என்பதும் வாங்குவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை.